பீலித் தண்ணீரும் செங்கமாரியும்

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் ஏராளமான லயங்களுக்குக் குடிநீர் மலை ஊற்றிலிருந்தே வருகிறது. ஊற்றடியில் ஒரு சிறு தொட்டி, அதிலிருந்து சரிவில் இறங்கும் குழாய், முடிவில் ஒரு பீலி அல்லது லயத்துக்குப் பொதுவான பைப். வடிகட்டலும் குளோரினும் பல இடங்களில் இல்லை. அப்படியான நீரின் தரத்தைத் தீர்மானிப்பது ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான். மேற்சரிவில் இன்னொரு லயம், அதன் குழி மலசலகூடம், மாட்டுப்பட்டி, எருவிட்ட மரக்கறித் தோட்டம் என்று ஏதோவொன்று இருந்துவிடுகிறது. வறட்சிக்குப் பின் விழும் முதல் கனமழை அத்தனையையும் கழுவிக் கீழே கொண்டுவருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் ஏற்படுத்தியது போன்ற மண்சரிவுகளில் குழாயும் மலக்குழியும் ஒன்றாக உடையும்போது ஆபத்து பன்மடங்காகிறது.

வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகிய மூன்றும் இந்த வழியில்தான் வீட்டுக்குள் நுழைகின்றன.

"மலைத் தண்ணி சுத்தமானது"

மிக ஆழமாக வேரோடிய நம்பிக்கை இது. நீர் தெளிவாக இருக்கிறது, குளிர்ந்திருக்கிறது, மணமில்லை. எனவே நல்ல தண்ணீர் என்று முடிவு செய்யப்படுகிறது. நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. குளிர்ச்சி கிருமியைக் கொல்வதும் இல்லை. செங்கமாரியை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் குளிர்ந்த நீரில்தான் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது.

"நாங்களும் எங்கள் அப்பாவும் இதைக் குடித்துத்தானே வளர்ந்தோம்" என்பது அடுத்த வாதம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு ஹெபடைட்டிஸ் ஏ தொற்றினாலும் கண் மஞ்சளாவதில்லை. சாதாரணக் காய்ச்சல் போல வந்து போய்விடும், எதிர்ப்புச் சக்தி மட்டும் நிற்கும். முந்தைய தலைமுறை தப்பியது பெரும்பாலும் அப்படித்தான். அதே காலத்தில் வயிற்றோட்டத்தில் இறந்துபோன கைக்குழந்தைகள் இந்த வாதத்தில் கணக்குக்கு வருவதேயில்லை. இன்று சிறுவயதில் தொற்றாமல் வளர்ந்த பிள்ளைகள் பாடசாலை வயதிலும் வேலை வயதிலும் முதன்முறையாகத் தொற்றுக்குள்ளாகும்போது நோய் கடுமையாகவே வருகிறது.

துணியால் வடிகட்டினால் போதும் என்பதும் தவறு. துணி மண்ணையும் சருகையும் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. தேத்தண்ணிக்குக் கொதிக்கவைத்துவிட்டு, ஆற்றுவதற்குப் பச்சைத் தண்ணீர் கலப்பதும் கொதிக்கவைத்த பலனை அப்படியே அழித்துவிடும்.

வேர் மருந்துக்குக் கிடைக்கும் பெயர்

கண் மஞ்சளானதும் பலர் முதலில் போவது வைத்தியசாலைக்கு அல்ல. கீழாநெல்லி, மந்திரிப்பு, சுண்ணாம்பு நீரில் கைகழுவி மஞ்சளை இறக்குவது என்று ஒரு வாரம் போய்விடுகிறது. ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகும். அந்தப் பெயரை வேர் மருந்து எடுத்துக்கொள்கிறது. கண் மஞ்சளாவதற்கெல்லாம் ஹெபடைட்டிஸ் ஏ மட்டுமே காரணம் அல்ல என்பதில்தான் கேடு இருக்கிறது. எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். அதற்கு உரிய மருந்து தொடக்கத்திலேயே கிடைக்காவிட்டால் சிறுநீரகம் செயலிழக்கலாம். கர்ப்பிணிக்கு ஹெபடைட்டிஸ் ஈ கடைசி மூன்று மாதங்களில் வந்தால், அது கடுமையாகி உயிரையே பறிக்கக்கூடும். ஒரு கர்ப்பிணியின் கண் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. அதில் தாமதத்துக்கு எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல.

காய்ச்சல் என்றதும் கடையில் வாங்கி விழுங்கும் பனடோலும் பாதுகாப்பானதல்ல. ஆரோக்கியமான பெரியவருக்கே நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் ஏற்கெனவே வீங்கியிருப்பவருக்கு அந்த அளவுகூட அதிகமாகலாம். பக்கத்து வீட்டில் மிஞ்சிய அன்டிபயோடிக் கெப்சூலை இரண்டு நாள் போட்டு நிறுத்துவது நெருப்புக்காய்ச்சலை மறைக்குமே தவிர ஆற்றாது. மூன்றாவது வாரத்தில் குடல் துளைபட்டு வரும் நோயாளிக்கு அறுவைச் சிகிச்சைதான் மிஞ்சும்.

வயிற்றோட்டத்தில் பிள்ளைக்குச் சோறும் தாய்ப்பாலும் நிறுத்தும் வழக்கம் இன்னும் போகவில்லை. பிள்ளையைச் சாகடிப்பது நீரிழப்பு. நீரிழப்பை ஈடுசெய்யும் ஜீவனித் தூள் பக்கற் ஒன்று முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றைக் கோப்பையில் கலக்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண், சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

பரிசோதனை

குடிநீரின் 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. சந்தேகமிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

வீட்டில் செய்யக்கூடியது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமிகளைக் கொல்ல அந்த வெப்பம் போதும். கொப்பளித்துக் கொதித்த பின் மூன்று நிமிடம் அடுப்பில் விட்டால் ஐயமே வேண்டாம். ஆனால் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றைக் கொதிக்கவைத்து நீக்க முடியாது. மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே உள்ள ஊற்று நீரைக் கைக்குழந்தையின் பால்மாவுக்குப் பயன்படுத்தாதிருப்பதே நல்லது.

விறகும் கேஸும் விலையேறிய காலத்தில் கொதிக்கவைப்பது எளிதல்ல, அது உண்மைதான். அப்படியானாலும் குடிக்கும் நீரையாவது, பிள்ளைகளின் போத்தல் நீரையாவது, கொழுந்து பறிக்க மலைக்குக் கொண்டுபோகும் நீரையாவது கொதிக்கவையுங்கள் என்று இறைஞ்சத்தான் வேண்டியிருக்கிறது. ஆறிய நீரை மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, கையோ கோப்பையோ உள்ளே விடாமல் ஊற்றி எடுக்க வேண்டும்.

தோட்டம் செய்ய வேண்டியது

வீட்டு அடுப்பு மட்டும் இந்தச் சுமையைத் தாங்க முடியாது. ஊற்றைச் சுற்றி வேலி, மூடிய தொட்டி, மேற்சரிவில் புதிய மலக்குழிக்குத் தடை, தொட்டியில் ஒழுங்கான குளோரின் ஆகியவை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. குளோரின் கலந்த நீர் அரை மணித்தியாலமாவது தொட்டியில் நிற்க வேண்டும். கலங்கிய நீரில் அது வீணாகும். ஆகவே மழைநாளில் முதலில் தெளியவைக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதி செலவாவதைத் தடுத்துவந்தது. 2018இல் அது திருத்தப்பட்டதால், சபையிடம் குழாய் கேட்கும் உரிமை இன்று லயத்து மக்களுக்கும் உண்டு. ஒரே லயத்தில் இரண்டு பேருக்குக் கண் மஞ்சளானால் அதே நாளில் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்காகக் காத்திருந்தால் அதற்குள் அதே பைப்பில் முழு லயமும் குடித்திருக்கும்.