மரண அச்சம்

மரண அச்சம் என்பது தன் இறப்பையோ நெருங்கியவர்களின் இறப்பையோ எண்ணி ஒருவருக்கு ஏற்படும் அச்சமாகும். ஓரளவு இது எல்லோருக்கும் உண்டு. உறக்கம், படிப்பு, தொழில் ஆகியவற்றைக் குலைக்கும்போதே சிகிச்சைக்குரியதாகிறது.

சிகிச்சை

இழவு வீட்டுக்குச் செல்லாமை, அடிக்கடி நாடித்துடிப்பைப் பார்த்தல், குறையில்லை என்று மருத்துவர் கூறிய பின்பும் மீண்டும் சோதனை செய்துகொள்ளல் ஆகியன அப்போதைக்கு ஆறுதல் தரும். ஆயினும் அச்சம் தானே தணியக்கூடியது என்பதை மனம் அறிய இவை இடந்தருவதில்லை. எனவே அறிதிறன் நடத்தைச் சிகிச்சையில், தவிர்த்து வந்தவற்றைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி அளிக்கப்படுகிறது. இரங்கல் செய்தி படித்தல், சுடுகாட்டு வழியே நடத்தல், உயில் எழுதுதல் ஆகியன எடுத்துக்காட்டுகள். "மார்பு படபடக்கிறது, இறக்கப்போகிறேன்" போன்ற எண்ணங்களுக்குச் சான்று உண்டா என்பதும் ஆராயப்படும்.

இரமணர்

திண்டுக்கல்லில் சிறிது காலம் பள்ளியில் பயின்ற வேங்கடராமன் (பின்னாளில் இரமண மகரிசி) 1892இல் தந்தையை இழந்தார். 1896 சூலையில், மதுரையில், நோய் ஏதுமின்றி இருந்த 16 வயதில் மரண அச்சம் அவரைத் திடீரெனப் பற்றியது. அவர் யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, இறப்பது எது என ஆராய்ந்தார். அவ்வச்சம் அன்றோடு அகன்றதாகப் பின்னர் கூறினார். இதனைச் சிகிச்சை எனல் பொருந்தாது. அவர் நாடியது தன்னை அறிதலையே. எனினும் அச்சத்தை விட்டு ஓடாமை இரண்டுக்கும் பொதுவாகும்.

இவ்வச்சத்தால் துன்புறுவோர், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.