99 டச் டவுன்கள்: டான் ஹட்சன் ஓடிய பாதை

1935 செப்டம்பர் 22. கிரீன் பே நகரில் பேக்கர்ஸ் அணிக்கும் சிகாகோ பேர்ஸ் அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். பந்து கைக்கு வந்ததும், முதல் முயற்சியிலேயே பேக்கர்ஸின் ஆர்னி ஹெர்பர் அதை ஓங்கி வீசினார். பேர்ஸ் வீரர்களின் கவனமெல்லாம் மறுபக்கம் ஓடிய ஜானி பிளட் மீது. அப்போது பெயர் பெற்ற ஆள் அவர்தான். இந்தப் பக்கம் ஓடிய ஒல்லியான புதுப் பையனை யாரும் பொருட்படுத்தவில்லை. காவலுக்கு நின்றவரை அவர் தாண்டிப் போய்விட்டார். பந்து கையில் வந்து விழுந்தது. 83 கெஜம், எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால்: டச் டவுன். அதற்கான கூடுதல் புள்ளியோடு சரி; இரு அணிகளும் அதன்பின் ஒரு புள்ளிகூட எடுக்காமல் ஆட்டம் 7-0 என்று முடிந்தது.

அந்தப் பையன் டான் ஹட்சன். 1913இல் ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் ஊரில் பிறந்தவர்; அலபாமா பல்கலைக்கழக வீரர். 1935 ஆண்டுப் பிறப்பன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை அலபாமா 29-13 என வென்றபோது இரண்டு டச் டவுன் அடித்தவர். அதற்குப் பிறகு பேக்கர்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற இரு அணிகளின் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். எந்த உறையில் அஞ்சல் முத்திரை முன்னதாக விழுந்ததோ அந்த அணிக்கே அவர் என்று இந்த அணிகள் ஆடிய லீக்கின் தலைவர் ஜோ கார் தீர்ப்புச் சொன்னார். பேக்கர்ஸ் 17 நிமிடம் முந்தியிருந்தது. பந்து வீச்சை மனதார நம்பிய பயிற்சியாளர் கர்லி லம்போவிடம் அவர் போய்ச் சேர்ந்தது அந்த 17 நிமிடத்தால்தான்.

அமெரிக்கக் கால்பந்தில் வீசிய பந்தை ஓடிப் பிடிப்பவர் ரிசீவர். இன்று கோடிகளில் சம்பளம் வாங்கும் இடம். அன்று ஆட்டமென்றால் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கும்பலுக்குள் முட்டி மோதுவதுதான். ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் பந்தை வீசலாம் என்று 1933இல்தான் விதி தளர்ந்தது. 1934இல் பந்தின் பருமனையும் குறைத்தார்கள். கைக்கு அடங்கியது, நேராகச் சுழன்று பறந்தது.

ஹட்சனின் மேதைமை வெறும் வேகம் அல்ல. 100 கெஜத்தை 9.7 விநாடியில் ஓடியவர்தான். ஆனால் அந்த வேகத்தை எப்போது காட்டுவது, எப்போது ஒளிப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மெல்ல ஓடிக் காவல்காரரை மெத்தனமாக்குவார், ஒரு பக்கம் போக்குக் காட்டி மறுபக்கம் திரும்புவார். ரிசீவர் ஓடும் பாதையை முன்கூட்டியே வகுத்துப் பயிற்சி செய்யும் கலைக்குத் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள். அக்காலத்தில் கோல் கம்பங்கள் கோல் கோட்டின் மேலேயே நட்டிருக்கும். ஓடிய வேகத்தில் இடக்கையால் கம்பத்தைப் பற்றிச் சுழன்று, மறுகையால் பந்தைப் பிடித்ததாக கிளீவ்லாண்ட் ராம்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தைப் பற்றி இன்றும் பேசுவார்கள்.

1942இல் 11 ஆட்டங்களில் 74 பந்துகள், 1,211 கெஜம், 17 டச் டவுன்கள். ஒரே சீசனில் ஆயிரம் கெஜம் தாண்டிய முதல் ரிசீவர் அவரே. நல்ல வீரர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் போயிருந்த காலத்துச் சாதனை அது என்று சிலர் தள்ளுபடி செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முன்பே முடியும் தறுவாயில் இருந்த 1941 சீசனிலும் அவர்தான் லீக்கின் சிறந்த வீரர். பேக்கர்ஸ் வென்ற 1936, 1939 கோப்பைகளும் அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முந்தியவை. இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரரைக்கூடச் சேர்க்கவில்லை. ஹட்சன் ஆடிய காலம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது. அவர் திறமையை அது குறைக்காது. ஆனால் அவரோடு மோதத் தகுதியிருந்தும் மைதானத்துக்குள்ளேயே விடப்படாதவர்களை மறந்துவிட்டு அந்தக் கணக்கைப் படிப்பது நியாயமில்லை.

அப்போதெல்லாம் வீரர்கள் தாக்குதலிலும் தற்காப்பிலும் மாறாமல் நிற்க வேண்டும். ஹட்சன் எதிரணியின் 30 பந்துகளை இடைமறித்திருக்கிறார். கூடுதல் புள்ளிக்கு உதைப்பதும் அவரே. 1945இல் ஓய்வு பெறும்போது பிடித்து அடித்த டச் டவுன்கள் 99. அதை ஸ்டீவ் லார்ஜென்ட் என்ற ரிசீவர் முந்த 1989 வரை ஆனது. ஆனால் அந்தக் கடைசி சீசனில், அக்டோபர் 7 அன்று டெட்ராய்ட் அணிக்கு எதிராக இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச் டவுன், ஐந்து உதைப் புள்ளி என 29 புள்ளிகள் எடுத்தார். அந்தக் கணக்கை இன்றுவரை ஒருவரும் தாண்டவில்லை.