ஒரு சக்கரம் தரையை விட்டெழும்போது

எஞ்சினும் கியர்பெட்டியும் முன்புறத்தில் அமைந்து முன்சக்கரங்களையே சுழற்றும் கார்களில், மொத்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன் அச்சின் மீது விழுகிறது. காரை இழுப்பதும், திருப்புவதும், நிறுத்துவதில் பெரும்பங்கைச் சுமப்பதும் அதே இரண்டு முன்டயர்கள்தாம். ஒரு டயர் தரையைப் பற்றும் விசைக்கு எல்லை உண்டாதலால், இழுப்பதற்குச் செலவானது போகத் திரும்புவதற்கு எஞ்சுவது குறைவே. அதனால் வளைவில் வேகம் கூடக்கூட, ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் கார் வெளிப்புறம் விலகிப் போகிறது. 'அண்டர்ஸ்டியர்' எனப்படும் இக்குறைதான் இத்தகைய காரைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்யும் ஆர்வலரின் முதல் தலைவலி. முன்புறத்து நோய்க்குப் பெரும்பாலும் பின்புறத்தில்தான் வைத்தியம் நடக்கிறது என்பது இத்தொழிலின் விந்தை.

இதன் வேர் டயரின் ஓர் இயல்பில் உள்ளது: டயரின் மீதான சுமை இரட்டித்தால் அதன் பிடிமானம் கூடுமேயன்றி இரட்டிப்பதில்லை. ஆகவே வளைவில் உட்புறச் சக்கரத்திலிருந்து வெளிப்புறச் சக்கரத்துக்கு எவ்வளவு சுமை பெயர்கிறதோ, அவ்வளவுக்கு அந்த அச்சின் மொத்தப் பிடிமானம் குறைகிறது. 1,000 கிலோ எடையும், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும், சக்கரங்களுக்கிடையே 150 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு கார், புவியீர்ப்புக்கு நிகரான பக்கவாட்டு முடுக்கத்தில் திரும்பினால், பெயரும் சுமை சுமார் 333 கிலோ. சஸ்பென்ஷனை எப்படி மாற்றினாலும் இத்தொகை அநேகமாக மாறாது. முன்னும் பின்னும் அதை எப்படிப் பங்கிடுவது என்பது மட்டுமே மெக்கானிக்கின் கையில் உள்ளது.

அப்பங்கீட்டுக்கான கருவி ஆன்டி-ரோல் பார், அதாவது இடவலச் சக்கரங்களை இணைத்துக் கார் சாய்வதை எதிர்க்கும் முறுக்குத் தண்டு. பின் அச்சில் தடித்த தண்டைப் பொருத்தினால், சுமைப் பெயர்ச்சியின் பெரும்பங்கு பின்னே செல்கிறது. மேற்சொன்ன 1,000 கிலோ காரின் எடையில் 60 விழுக்காடு முன்னே இருப்பதாகக் கொள்வோம்; பெயரும் 333 கிலோவில் முன் அச்சு 200 கிலோவை ஏற்கும்போது அதன் உட்சக்கரத்தில் 100 கிலோ சுமையே எஞ்சும். பின் அச்சே 200 கிலோவை ஏற்றுக்கொண்டால், முன் உட்சக்கரத்தில் 167 கிலோ நிற்கும். அச்சக்கரம் வீணாகச் சுழலாமல் தரையைப் பற்றுவதால், வளைவிலிருந்து வெளியேறும் இழுவையும் கூடுகிறது. அவ்வேளையில் பின் உட்சக்கரத்தின் சுமை பூஜ்யமாகி அது தரையை விட்டு எழும். வேகமாகத் திரும்பும் கோல்ஃப் ஜிடிஐ கார் ஒற்றைப் பின்காலைத் தூக்கியபடி படங்களில் காட்சியளிப்பது இதனால்தான். ஆனால் சக்கரம் எழுந்துவிட்டபின் தண்டை மேலும் தடிப்பாக்கிப் பயனில்லை. பெயர்வதற்குப் பின் அச்சில் சுமையே மிச்சமில்லை.

முன்புறத்தில் செய்யத்தக்கது, சக்கரத்தின் மேற்பகுதியைச் சற்று உட்புறம் சாய்ப்பது. கார் சாயும்போது வெளிப்புற டயர் முழு அகலத்தில் தரையில் படிய இந்த எதிர்மறைக் கேம்பர் உதவும். சாய்வு போதுமா என்பதை, ஓடி நின்றவுடன் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்றிடங்களில் வெப்பத்தை அளந்து அறிகிறார்கள். வெளிவிளிம்பு மிகுதியாகச் சுட்டால் சாய்வு போதவில்லை என்று பொருள்.

தடித்த தண்டால் பின்புறப் பிடிமானத்தைக் குறைத்த காரில், வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுமை முன்னே பாய்ந்து, வால் வெளியே சுழலும். தேர்ந்த ஓட்டுநர் அச்சுழற்சியையே திரும்புவதற்குப் பயன்படுத்திக்கொள்வார். பழக்கமில்லாதவருக்கோ அது விபத்து. ஆலைகள் சாலைக் கார்களில் ஓரளவு அண்டர்ஸ்டியரை வேண்டுமென்றே விட்டுவைப்பதன் காரணமும் இதுவே. எனவே வாசகர்கள் இவ்வேலையைத் தம் அன்றாடக் காரில் செய்து பார்க்க வேண்டாம்.