உண்மை ஆளுக்கொன்றா?

"அது உங்களுக்கு உண்மையாக இருக்கலாம், எனக்கு அப்படியில்லை." கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் வீட்டில் இவ்வாறு கூறக் கேட்கின்றோம். மறுமொழி சொல்லத் தெரியாது பெற்றோர் திகைக்கின்றனர். உண்மை என்பது காலத்திற்கும் இடத்திற்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும் தன்மையதா? அன்றி, எக்காலத்தும் எல்லார்க்கும் ஒன்றேதானா?

வினா புதியதன்று. தம்முன் கைதியாக நின்ற ஆண்டவரிடம், உண்மை என்பது யாது எனப் பிலாத்து கேட்டான்; விடைக்குக் காத்திராமலே வெளியே சென்றுவிட்டான். குற்றமற்றவர் எனத் தானே கண்டறிந்தவரை, மக்கள் கூச்சலுக்கு அஞ்சிச் சாவுக்குக் கையளித்தான். உண்மையைத் தேட மனமில்லாதவன் கையில் நீதியும் நிலைப்பதில்லை.

மாறக்கூடியவை பல உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. உணவும் உடையும் வணங்கும் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். நமது திருப்பலியே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாக இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆனால், மாசற்றவனைக் கொல்லுதல் தீது என்பதும் இத்தகைய வழக்கந்தானா? ஊரார் அனைவரும் கூடி நன்று என்று ஒப்பினால் தீமை நன்மையாகிவிடுமா?

ஆஸ்திரியக் குடியானவர் ஒருவரின் வாழ்வு இதற்கு விடை பகர்கின்றது. பிரான்ஸ் யேகர்ஸ்டாட்டர் 1907-ஆம் ஆண்டு சாங்க்ட் ராடேகுண்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். தம் பங்கில் கோயில்பிள்ளையாகவும் பணிபுரிந்தவர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைக்கொண்டது. அடுத்த மாதம் நடந்த வாக்கெடுப்பில் நாடு முழுவதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டோர் இணைப்பை ஏற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வூரில் அதை மறுத்து வாக்களித்தவர் பிரான்ஸ் ஒருவரே.

1943-இல் போருக்கு அழைக்கப்பட்டபோது, அநீதியான போரில் ஆயுதம் ஏந்த இயலாது என அவர் மறுத்தார். இல்லத்தில் மனைவி பிரான்சிஸ்காவும் மூன்று சிறு பெண்மக்களும் இருந்தனர். குடும்பத்தை நினைத்துப் பார் என்று உற்றாரும் நண்பரும் மன்றாடினர். அவர் கலந்தாலோசித்த குருக்களும், லின்ஸ் நகர ஆயரும்கூட அவ்வாறே அறிவுரை கூறினர். எனினும் அவருடைய மனச்சான்று இணங்கவில்லை. ஜூலை 6-ஆம் நாள் பெர்லினில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9-ஆம் நாள் பிரான்டன்பர்க் சிறையில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 36.

உண்மை பெரும்பான்மையோரைச் சார்ந்ததாயின், 1938-இல் தவறு செய்தவர் பிரான்சே. உண்மை காலத்தைச் சார்ந்ததாயின், அவரைக் கொல்லப் பணித்த நீதிபதிகள் தம் காலத்திற்கேற்ற நீதியையே வழங்கினர் எனக் கொள்ள வேண்டும். நம் உள்ளம் இதை ஏற்குமா? 1997-இல் பெர்லின் நீதிமன்றம் ஒன்று அத்தீர்ப்பைச் செல்லாததாக்கியது. 2007 அக்டோபர் 26-ஆம் நாள் லின்ஸ் பேராலயத்தில் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. 94 வயது நிரம்பிய பிரான்சிஸ்கா அச்சடங்கில் கலந்துகொண்டார். பிரான்சின் செயல் அன்றுதான் நேரியதாயிற்றா? இல்லை. 1943-லேயே நேரியதாயிருந்ததை மனிதர் காலந்தாழ்த்தி ஒப்புக்கொண்டனர். உண்மை மாறவில்லை, மனிதரே அதனிடம் வந்து சேர்ந்தனர்.

அவ்வாறாயின், உண்மை நம்மிடமே உள்ளது எனச் செருக்குறலாமா? கூடாது. போருக்குச் சென்ற அயலாரைப் பிரான்ஸ் பழித்துரைக்கவில்லை. உண்மை முழுமையானது, அதைப் பற்றிய நம் அறிவோ குறையுடையது. மலை ஒன்றே, ஏறுவோர் காணும் பகுதியே சிறிது. எனவேதான் 1965-இல் சமயச் சுதந்தரம் பற்றிய ஏட்டில், உண்மையை வன்முறையால் எவர்மீதும் சுமத்தலாகாது என்று வத்திக்கான் சங்கம் கற்பித்தது. மேலும், கிறிஸ்தவருக்கு உண்மை வெறும் கோட்பாடன்று. தாமே உண்மை என மொழிந்த இயேசுவே நம் உண்மை. அவரை அன்பின்றி அறிவிப்பவன் அவரை அறிவிப்பவனல்லன்.

ஆகவே பிள்ளைகள் இவ்வினாவை எழுப்பும்போது சினவாதிருப்போம். மாறாக அவர்களிடம் ஒன்று கேட்போம். நிறுவையைக் குறைத்த கடைக்காரன், 'இது என் உண்மை' என்றால் ஏற்பாயா? எல்லாம் சார்புடையதே என்பவரும் தமக்கு அநீதி நேரும்போது யாவர்க்கும் பொதுவான நீதியையே நாடுவதை அவர்களே உணர்வர்.

அதனினும் முதன்மையானது நம் வாழ்வு. கடன் கொடுத்தவர் வாயிலில் நிற்க, 'அப்பா வீட்டில் இல்லை' என்று சொல்லும்படி குழந்தையை அனுப்பும் வீட்டில், உண்மை வசதிக்கேற்ப வளையும் என்னும் பாடத்தைக் குழந்தை கல்லூரிக்குப் போகுமுன்னரே கற்றுவிடுகிறது. இழப்பு நேரினும் உள்ளதை உள்ளவாறு உரைக்கும் தந்தையையும் தாயையும் காணும் பிள்ளையோ, உண்மை ஒன்றே என்பதை வாதமின்றி அறிந்துகொள்ளும். அத்தகைய இல்லங்களாக நம் இல்லங்கள் திகழ இறைவன் அருள்வாராக!