கையும் கண்ணும் – 7: சுவர் பூசியவர்கள் படித்த வரலாறு

சென்ற வாரம் சென்னை ஓவியப் பள்ளியின் தொடக்க காலத்தைப் பார்த்தோம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அந்தப் பள்ளியும், அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வந்த பள்ளிகளும் மாணவனின் கையைப் பழக்கின. சிலையைப் பார்த்து வரை, வேலைப்பாட்டைப் பிரதி எடு, அளவு தவறாதே என்பதே அங்கே பாடம். நம் முன்னோர் ஏன் இப்படி வரைந்தார்கள், ஏன் இப்படி வார்த்தார்கள் என்று கேட்க அந்த வகுப்புகளில் பெரிதாக இடம் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியையும் தூரிகையையும் ஒரே பட்டப்படிப்புக்குள் கொண்டுவந்த ஊர் பரோடா. மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1950இல் நுண்கலைப் புலம் தொடங்கியது. துணைவேந்தர் ஹன்சா மேத்தா. ஓவியத்துக்கு என்.எஸ். பேந்த்ரே, சிற்பத்துக்குச் சங்கோ சௌத்ரி. மற்ற ஓவியப் பள்ளிகள் டிப்ளமோ தந்துகொண்டிருந்த காலத்தில், இயற்பியலுக்கும் பொருளாதாரத்துக்கும் தருவது போல இங்கே கலைக்கும் பல்கலைக்கழகப் பட்டம் தந்தார்கள். ஓவியம் வரைபவரும் கலை வரலாறு படித்தே ஆகவேண்டும் என்பது அந்தப் படிப்பின் அடித்தளம்.

1951இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்த கே.ஜி. சுப்ரமணியனை நாம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1924இல் வட கேரளத்துக் கூத்துபறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடியது. 1944இல் சாந்திநிகேதனின் கலாபவனத்துக்குப் போனார். நந்தலால் போஸ், ராம்கிங்கர் பைஜ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகிய மூவரும் அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள்.

வினோத் பிஹாரிக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை. மறு கண்ணிலும் மங்கல். அவர் 1946-47இல் சாந்திநிகேதன் இந்தி பவனத்தில் மூன்று சுவர்களின் மேற்பாதி முழுக்க இடைக்கால பக்திக் கவிகளையும் துறவிகளையும் வரைந்தார். கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் எல்லோரும் அங்கே ஜனத்திரளுக்கு நடுவே நிற்கிறார்கள். அந்த வேலையில் கூடமாட உதவிய மாணவர்களில் சுப்ரமணியனும் ஒருவர்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அது என்ன படிப்பு என்பது புரியும். சுண்ணாம்பும் மணலும் குழைத்துச் சுவரில் பூச வேண்டும். ஈரம் காயும் முன் வண்ணத்தை வெறும் தண்ணீரில் கரைத்துத் தீட்ட வேண்டும். பசையோ பிசினோ கிடையாது. காயும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. அன்றைக்கு வரைந்து முடிக்க முடிந்த அளவுக்குத்தான் அன்றைக்குப் பூச வேண்டும். காய்ந்தபின் திருத்த முடியாது. பிடிக்கவில்லை என்றால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதுதான் வழி. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காத வண்ணம் நிறம் மாறிப்போகும். அதனால்தான் காவி, மஞ்சள் போன்ற மண் வண்ணங்களே இதில் முதலிடம் பிடிக்கின்றன.

இப்படி ஒரு சுவரில் வேலை செய்த மாணவரைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நிறுத்திப் பாருங்கள். அங்கே நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் எஸ்.கே. கோவிந்தசாமி. அதன் செய்முறையைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டியது என்று 1930களிலேயே எழுதினார். அஜந்தாவில் முறை வேறு. மண் சாந்து பூசி, மேலே மெல்லிய வெள்ளை அடித்து, காய்ந்த தளத்தில் பிசின் கலந்த வண்ணம் தீட்டினார்கள். புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கு இந்த வேறுபாடு இரண்டு மதிப்பெண் விடை. கை நனைத்தவருக்கோ, சோழ ஓவியன் நேரத்தோடு போட்டி போட்டு வரைந்தான் என்பது அந்த வேகமான கோட்டிலேயே தெரிந்துவிடும்.

மறுபக்கமும் உண்மை. வரலாறு படித்த கை வேறு மாதிரி வரையும். பரோடா மாணவர் குலாம் முகமது ஷேக் 1960இல் அங்கேயே கலை வரலாறு கற்பிக்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் கழித்து ஓவியப் பேராசிரியரும் ஆனார். முகலாயச் சிற்றோவியத்தில் ஒரே தாளில் பல இடங்களும் பல நேரங்களும் அடங்குவதையும், சியன்னா நகரில் லொரென்செத்தி 14ஆம் நூற்றாண்டில் ஒரு நகரத்தையே சுவரில் விரித்ததையும் அவர் ஓவியனின் கண்ணோடு படித்தார். 1981 முதல் 1984 வரை அவர் வரைந்த ‘விற்பனைக்கு நகரம்’ என்ற பெரிய ஓவியத்தில் அந்தப் படிப்பு முழுவதும் இறங்கியிருக்கிறது. அது இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பம்பாயில் கணக்காயராக இருந்த பூபேன் கக்கர் 1962இல் பரோடாவுக்கு வந்து சேர்ந்தது கலை விமர்சனப் படிப்பில்; ஓவிய வகுப்பில் அல்ல. அவர் ஓவியங்களுக்கு 2016இல் லண்டன் டேட் மாடர்ன் தனிக்காட்சி நடத்தியது.

கலைக் கல்லூரி என்றால் கை வேலை மட்டும் என்று நினைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். கலை வரலாறு என்றால் தேர்வுக்கு முன் மனப்பாடம் செய்யும் ஆண்டுக் கணக்கு என்று நினைக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நினைப்பும் நம்மை ஏழைகளாக்குகின்றன. சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பது பரோடாவுக்கும் வாய்க்காத செல்வம். சென்னைக் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகள். கும்பகோணத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் சோழர் கோயில், பக்கத்தில் சுவாமிமலையில் இன்றும் மெழுகில் உருவம் பிடித்து வார்க்கும் பட்டறைகள். வரலாற்று வகுப்பைப் பட்டறைக்குள்ளும் பட்டறை வேலையைக் கோயிலுக்குள்ளும் கொண்டுபோகத் தனிக் கட்டடம் எதுவும் வேண்டாம். ஆசிரியர்கள் மனம் வைத்தால் போதும்.

இந்த ஆண்டு கலைக் கல்லூரியில் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வரலாற்று வகுப்பைத் தவறவிடாதீர்கள். படித்த ஒவ்வொரு சிற்பத்தின் முன்னும் நோட்டோடு உட்கார்ந்து ஒருமுறையாவது வரையுங்கள். அதைச் செய்த கையை அறிய அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

(அடுத்த வாரம்: கே.சி.எஸ். பணிக்கரும் சோழமண்டலமும்)