வண்டி கெத்து... சந்து சின்னது!

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. காலையில பைக்ல காலேஜுக்குப் போறீங்க. முன்னாடி ஒரு கன்டெய்னர் டிரெய்லர், பின்னாடி ஒரு கன்டெய்னர் டிரெய்லர். நடுவுல நீங்க, வாய் நிறைய தூசி. திடீர்னு பக்கத்துல உயரமா, அகலமா ஒரு வண்டி வந்து நிக்குது. முன்பாதி எஸ்.யூ.வி., பின்பாதி குட்டி லாரி. நாலு கதவு, பின்னாடி திறந்த தொட்டி. சிக்னல் விழுந்ததும் ஒரு உறுமல்... போயே போச்சு! அன்னிக்கு முதல் பீரியட்ல நோட்டோட கடைசிப் பக்கத்துல நீங்க என்ன வரைஞ்சீங்கன்னு எங்களுக்குத் தெரியும் பாஸ்!

டபுள் கேப் பிக்கப். அதுதான் உங்க தூக்கத்தைக் கெடுத்த ஆசாமியோட பேரு.

லோடு வண்டி நம்ம ஏரியாவுக்கு ஒண்ணும் புதுசில்லை. 1948-ல ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ் எண்ணூர்ல முதல்ல பூட்டினது ஆஸ்டின் கார். 1955-ல அதுவே அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ்னு கிளம்பிடுச்சு. அதே வருஷம் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர்ல புல்லட் செஞ்சுது. ஆனா வடசென்னையோட ஒரிஜினல் பிக்கப் எதுன்னு கேட்டா, காசிமேட்டுல ஓடுற மீன்பாடி வண்டியைத்தான் கை காட்டுவோம். மூணு சக்கரம், முன்னாடி பலகை, எந்தக் காலத்து ஸ்கூட்டர் இன்ஜினோ ஒண்ணு. ஏறாத லோடு இல்லை, நுழையாத சந்து இல்லை!

சொகுசு பிக்கப்புக்கு வருவோம். 2007-ல மஹிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்அவே, 2009-ல டாடா ஸீனான்னு வந்து பார்த்தாங்க. நம்ம ஜனம் பெரிசா கண்டுக்கலை. 2016-ல இசுசூ வி-கிராஸ் வந்த பிறகுதான் பசங்க திரும்பிப் பார்த்தாங்க. அப்போ ஷோரூம் விலை 12.49 லட்சம். தயாராகிறது எங்கேங்கிறீங்க? கும்மிடிப்பூண்டி தாண்டி, தடா பக்கத்துல, ஆந்திர எல்லைக்குள்ள இருக்கிற ஸ்ரீசிட்டியில. அதாவது நம்ம கொல்கத்தா ஹைவேயில ஒரு டீ குடிச்சிட்டுப் போற தூரம்தான். 2022-ல டொயோட்டா ஹைலக்ஸ் வந்துச்சு. ஆட்டோமேட்டிக்ல 204 குதிரை, 500 நியூட்டன் மீட்டர் இழுவை. ஆரம்ப விலை 33.99 லட்சம். மறு வருஷமே அதை 30.40 லட்சமா இறக்கினாங்க.

இங்கேதான் கால்குலேட்டரை எடுக்கணும் நீங்க. ஷோரூம் விலை 30 லட்சம்னு வெச்சுப்போம். 2023 நவம்பர்ல தமிழ்நாட்டுல ஆயுள் வரி ஏறிடுச்சு. 20 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு 20 சதவீதம். அதாவது 6 லட்சம்! அந்தப் பணத்துல ஒரு சின்ன காரே வாங்கிடலாம். இன்ஷூரன்ஸ், இதர செலவெல்லாம் கையில இருந்து போட்டு, 30 லட்சம் கடன் வாங்குறீங்க. வட்டி ஒன்பதரை சதவீதம், 7 வருஷம். மாசத் தவணை சுமார் 49,000 ரூபாய். முடிக்கும்போது வட்டி மட்டும் 11 லட்சத்தைத் தாண்டியிருக்கும். முதல் வேலையில கிடைக்கப்போற சம்பளத்தை மனசுல நினைச்சுப் பாருங்க... சரி, சரி, அழாதீங்க! ஹைலக்ஸ் டேங்க் 80 லிட்டர். ஃபுல் பண்ணினா ஏழாயிரத்துக்கு மேல. அதையும் இப்பவே சொல்லிட்டோம்.

தாய்லாந்துல கதை வேற. அங்கே காரைவிட பிக்கப்புக்கு வரி கம்மி. விவசாயியும் கடைக்காரரும் வேலைக்குன்னே வாங்குறாங்க. அதே வண்டி இங்கே வர்றப்போ, வேலைக்கு விடவே மனசு வராத விலையில வந்து நிக்குது. 35 லட்சத்துக்கு மேல கொட்டின வண்டித் தொட்டியில நாலு ஐஸ் பெட்டி ஏத்த உங்க அப்பா சம்மதிப்பாரா? மீன்பாடி வண்டிக்காரர் கீறலைப் பத்திக் கவலைப்பட்டு நாங்க பார்த்ததே இல்லை.

அப்படியே ஏத்துறீங்கன்னாலும் உப்பு இருக்கே! நம்ம பக்கம் கடல் காத்து சும்மாவே இரும்பைத் தின்னும். மீன் ஐஸ் உருகி வடியிற தண்ணியிலயும் உப்பு. தொட்டிக்கு லைனர், அடிப்பாகத்துக்குத் துரு பிடிக்காத கோட்டிங், ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் நல்ல தண்ணியில அலசல்... இதெல்லாம் செய்யப் பொறுமை இருந்தா வாங்குங்க. பாடி பளபளப்பை மட்டும் பார்த்துட்டு அடியில சேஸிஸை மறந்துடாதீங்க.

இன்னொண்ணு. பின்பக்கம் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங்தான். லோடு இருந்தா சமத்தா போகும். தொட்டி காலியா இருந்தா குதிக்கும். டெஸ்ட் டிரைவ்ல நீங்க மட்டும் ஸ்டீயரிங் பிடிச்சு சிரிச்சா போதாது. பாட்டியைப் பின்சீட்டுல உட்கார வெச்சு, டிரெய்லர் ஓடி பள்ளமான ரோட்டுல ஒரு ரவுண்டு போங்க. தீர்ப்பை அவங்க சொல்லட்டும்!

'கல்ச்சுரல்ஸுக்கு பசங்க பத்து பேரைத் தொட்டியில ஏத்தி, காலேஜ் வாசல்ல போய் இறங்கணும்'னு கனவு இருக்கா? உடனே அழிங்க. அந்த இடம் சரக்குக்கு, மனுஷங்களுக்கு இல்லை. விபத்துன்னு ஒண்ணு நடந்தா அவங்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வாங்குறதும் பெரும்பாடு. முன்னாடி மாட்டுற முரட்டு 'புல் பார்' கம்பிக்கும் 2017-லேயே மத்திய அரசு தடை போட்டாச்சு. வெள்ளை போர்டுல வாங்கிட்டு வாடகைக்கு லோடு அடிக்கவும் முடியாது. அதுக்கு மஞ்சள் போர்டு, எஃப்.சி.னு தனி ரூட்டு. ஒரு நல்ல சேதி: 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும், ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

இதையெல்லாம் கேட்டும் ஆசை அடங்கலையா? வீட்டுல நிஜமாவே சரக்கு ஏத்துற தொழில் இருந்து, ஊர் ஊரா சுத்துற பழக்கமும் இருந்தா, தாராளமா ஷோரூமுக்குப் போகலாம். வெறும் கெத்துக்குன்னா கொஞ்சம் ஆறப்போடுங்க பாஸ்.

எதுக்கும் இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு வேலை செய்யுங்க. ஒரு டேப்பை எடுத்துட்டு உங்க தெருவுல இறங்குங்க. ஹைலக்ஸ் நீளம் 5.3 மீட்டர். டாடா ஏஸ் குட்டி யானை வெறும் 3.8 மீட்டர். ஹைலக்ஸை ஒரே மூச்சுல திருப்ப கிட்டத்தட்ட 13 மீட்டர் இடம் வேணும். ஆட்டோ, பைக், தண்ணி டிரம், எதிர்வீட்டு அண்ணன் போட்டு வெச்ச மீன்பாடி வண்டி எல்லாம் அதது இடத்துல நிக்கிற நேரம் அதுதான். அளந்து பார்த்துட்டு வாங்க!