பாதைப் பாத்தியமும் வேலித் தகராறும்

கிராமங்களில் நிலத்தைப் பற்றி எழும் சச்சரவுகளுள், நிலம் யாருடையது என்பதைப் பற்றியவற்றைக் காட்டிலும், அதற்குச் செல்லும் வழியையும் அதன் வேலியையும் பற்றியவையே மிகுந்த மனக்கசப்பை விளைவிப்பதுண்டு. கதிர் முற்றி அறுப்புக்கு ஆள் வந்து நிற்கும் தருணத்தில் வண்டித் தடத்தின் குறுக்கே முள் அடைக்கப்படுமாயின், ஓராண்டு உழைப்பின் பலன் வயலிலேயே கிடந்து வீணாக நேரிடும். அடைத்தவரோ, தம் நிலத்தைத் தாம் காத்துக்கொள்வதில் குற்றம் யாது என்று எண்ணுகிறார். இருவரும் தத்தம் பக்கமே நியாயம் என்று நம்புவதால் வழக்கு வளர்ந்து, பல தலைமுறை உறவும் கெடுகிறது. இவ்விஷயத்தில் சட்டம் கூறுவதைக் குடியானவர்கள் முன்னரே அறிந்திருப்பார்களாயின், இத்தகைய வழக்குகள் பல எழாமலே நின்றுவிடும்.

சொந்தம் வேறு, பாத்தியம் வேறு

1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்டு சட்டம், அவ்வாண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி முதல் சென்னை மாகாணத்தில் அமுலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் இன்றும் அதுவே அமுலில் உள்ளது. இச்சட்டப்படி, பிறர் நிலத்தின் வழியே நடக்கவோ வண்டி ஓட்டவோ பாத்தியம் பெற்றவர் அத்தடத்துக்குச் சொந்தக்காரர் ஆகமாட்டார். அதுபோலவே, தடம் தம் பட்டாவில் அடங்கியது என்ற காரணத்தால் மட்டும் நிலச் சொந்தக்காரர் அதை அடைத்துவிட இயலாது. பாத்தியம் ஆளைச் சேர்ந்ததன்று, நிலத்தைச் சேர்ந்தது. உட்புற நிலம் விற்கப்படும்போது வழிப்பாத்தியமும் அதனுடன் செல்லும்.

பாத்தியம் உண்டாகும் விதங்கள்

முதலாவது, பத்திரத்தின் மூலம் உண்டாவது. எழுதிப் பதிவு செய்யப்பட்ட பாத்தியமே எல்லாவற்றிலும் உறுதியானது.

இரண்டாவது, அவசியத்தால் உண்டாவது. ஒருவருக்குச் சொந்தமான ஆறு ஏக்கர் நிலத்தில், ரோட்டை ஒட்டிய மூன்று ஏக்கர் மூத்த மகனுக்கும், உட்புற மூன்று ஏக்கர் இளைய மகனுக்கும் பாகமாயிற்று என்று கொள்க. இளையவர் நிலத்துக்கு வேறு வழியே இல்லையாயின், பத்திரத்தில் எழுதாவிடினும் மூத்தவர் நிலத்தின் வழியே அவருக்குப் பாத்தியம் உண்டு. எந்தப் பக்கமாக வழி விடுவது என்று குறிக்கும் உரிமை மூத்தவருடையது. ஆயினும் அவ்வழி தக்க வசதியுள்ளதாக இருத்தல் வேண்டும். சுற்றுவழி ஒன்று இருந்து, அது தூரம் அதிகம் என்பது மட்டுமே குறையானால் இந்தப் பாத்தியம் கிடையாது. பின்னர் வேறு வழி ஏற்பட்டு அவசியம் நீங்கினால் இதுவும் நீங்கிவிடும்.

மூன்றாவது, நெடுநாள் அநுபோகத்தால் உண்டாவது. ஒரு வழியைச் சமாதானமாகவும், பகிரங்கமாகவும், உரிமையெனக் கொண்டும், இடையறாமலும் 20 ஆண்டுகள் அநுபவித்து வந்தவருக்கு அவ்வழியில் பாத்தியம் உண்டாகும். சர்க்கார் நிலமாயின் இக்காலம் 30 ஆண்டுகளாகும்.

அயலாரின் தயவால் நடப்பது இம்மூன்றிலும் சேராது. “என் நிலத்தின் வழியாகப் போய்க்கொள்ளுங்கள்” என்று ஒருவர் சொல்லிய அனுமதியின் பேரில் ஐம்பது ஆண்டு நடந்தாலும் அது உரிமை ஆகாது. அனுமதியின் பேரில் நடப்பவர் அதை உரிமையென நம்பித் தம் நிலத்துக்கு வேறு வழி தேடாதிருப்பது பிற்காலத்தில் தீங்காக முடியும்.

பாத்தியத்தின் அளவு

ஒரு வகைப் பாத்தியம் மற்றொரு வகையைத் தன்னுள் அடக்காது. ஆள் நடக்கும் பாத்தியம் மட்டும் உள்ளவர், அதைக்கொண்டு வண்டியோ டிராக்டரோ ஓட்ட உரிமை கோர இயலாது. பாத்தியக்காரர் நிலச் சொந்தக்காரருக்கு மிகக் குறைந்த தொந்தரவு உண்டாகும் விதமாகவே வழியை உபயோகித்தல் வேண்டும். தடத்தை விட்டு விலகிப் பயிரில் இறங்கலாகாது. தடத்தைச் செப்பனிடவும், குறுக்கே விழுந்த மரத்தை அகற்றவும் அவருக்கு உரிமை உண்டு. அச்செலவும் அவரையே சாரும்.

வேலி அமைக்கும் முறை

வேலியிடுமுன் எல்லைக் கற்களைப் பார்த்துக்கொள்ளுதல் அவசியம். 1923-ஆம் ஆண்டின் சர்வே எல்லைச் சட்டப்படி, தம் நிலத்துக்குரிய எல்லைக் கற்களைப் பழுதின்றிக் காப்பது பதிவுபெற்ற நிலக்காரரின் கடமையாகும். கல் காணப்படாதவிடத்து, சர்வேயரைக் கொண்டு இருதரப்பார் முன்னிலையில் அளந்த பின்னரே வேலியிடுதல் நலம். கொங்கு நாட்டில் இருபுறமும் உயிர்வேலி அமைந்த தடத்தை இட்டேரி என்பர். கிளுவை போன்ற உயிர்வேலிகள் காலத்துக்குக் காலம் வெட்டப்படாவிடில் உட்புறமாகப் படர்ந்து, எவரும் அடைக்காமலே தடம் குறுகிவிடும். ஆடுமாடுகளுக்கு அஞ்சித் தடத்தை மறைக்க வேண்டியிருப்பின், பாத்தியக்காரரைக் கலந்து, வண்டி தடையின்றிப் போகும் அகலத்துக்குப் படல் அமைத்தல் இருவருக்கும் உகந்தது.

வழி அடைபட்டால்

இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். பாத்தியம் எவ்வளவு உறுதியானதாயினும், பாத்தியக்காரர் தாமே வேலியைப் பிடுங்கி எறியலாகாது என்று ஈஸ்மெண்டு சட்டத்தின் 36-வது பிரிவு விதிக்கிறது. அங்ஙனம் செய்பவர் நியாயமான வழக்கையும் அடிதடிக் கேஸாக மாற்றிக்கொள்வார். சிவில் கோர்ட்டில் தாவா செய்து தடையுத்தரவு பெறுவதே உரிய வழியாகும். கலகம் நேரிடக்கூடிய நிலையிருந்தால், நிர்வாக மாஜிஸ்திரேட்டு, 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-வது பிரிவின்படி விசாரித்து, வழியைத் தடுக்கலாகாதென உத்தரவிடலாம்.

ஆயினும் காலதாமதம் கூடாது. எப்பொழுதும் நடக்கும் வழியாயின், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கிடைப்பதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள்ளும், பருவத்தில் மட்டும் நடக்கும் வழியாயின் கடைசியாகச் சென்ற பருவத்திலும் அது அநுபவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நெடுநாள் அநுபோகத்தை ஆதாரமாகக் கொண்டவர், தடையை அறிந்தும் ஓராண்டு பொறுத்திருந்தால், அந்த அநுபோகம் அறுபட்டதாகவே கருதப்படும். அநுபோகம் நின்று இரண்டாண்டுக்குள் தாவா செய்யாவிடினும் பாத்தியம் நிலைபெறாது.

பத்திரத்தில் எழுத வேண்டியது

“மாமூல் வழிநடைப் பாத்தியம் உட்பட” என்று மட்டும் எழுதிவிடுவது போதாது. மாமூல் யாது என்பதைப் பற்றியே பின்னர் விவகாரம் எழும். பாகப்பிரிவினையிலும் கிரயத்திலும், “இன்ன சர்வே நெம்பரின் தென்வரப்பை ஒட்டி, கிழக்கே ரோட்டிலிருந்து மேற்கே இன்ன நெம்பர் வரையில், 10 அடி அகலத்துக்கு, ஆள், மாடு, வண்டி, டிராக்டர் போகவரப் பாத்தியம்” என்பதைப் போல, திசை, அகலம், உபயோகம் மூன்றையும் தெளிவாக எழுதி, படத்தையும் சேர்த்துச் சார்பதிவாளர் ஆபீஸில் பதிவு செய்தல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள், தகராறு என்று கேள்வியுற்றவுடன் தலத்துக்குச் சென்று, தடத்தின் அகலம், சக்கரச் சுவடு, வேலியின் வயது ஆகியவற்றை இருதரப்பார் முன்னிலையில் குறித்துக்கொள்வார்களாயின், பிற்கால விசாரணைக்கு அது பெரிதும் உதவும். பாதையை எழுதிக்கொள்ளத் தகுந்த காலம், அண்ணன் தம்பியும் அண்டை வயலாரும் ஒற்றுமையாயிருக்கும் காலமே. நிலம் பிரியும் அன்றே வழியையும் அளந்து எழுதி வைப்பவர், தம் மக்களுக்கு நிலத்தோடு அமைதியையும் விட்டுச் செல்வர்.